பதினொன்று என்று எழுதிக்கொள்ளுங்கள்

எங்கள் ஊர்ப் பள்ளி ஒன்றில் கணிதக் கண்காட்சி நடந்தது. போயிருந்தேன். வாசலில் வாழைமரம், உள்ளே வரிசையாகத் தெர்மோகோல். ஒவ்வொரு தெர்மோகோலுக்குப் பின்னாலும் ஒரு பிள்ளை, கையில் குச்சி. அருகே போய் நின்றால் போதும், ரயில் நிலையத்து எடை மெஷினில் காசு போட்டதுபோல் பேச்சு வந்து விழும்: "வணக்கம். எனது பெயர் இன்னார். நான் எட்டாம் வகுப்பு ஆ பிரிவு. எனது மாதிரியின் தலைப்பு பிதாகரஸ் தேற்றம்." நடுவில் குறுக்கிட்டு, "இந்தப் பெரிய சதுரத்தை வெட்டி அந்த ரெண்டு சின்னச் சதுரத்துக்குள்ள அடைக்க முடியுமா தம்பி?" என்று கேட்டேன். பையன் என்னைப் பார்த்தான். தெர்மோகோலைப் பார்த்தான். தூரத்தில் நின்ற ஆசிரியரைப் பார்த்தான். பிறகு, "வணக்கம். எனது பெயர்..." என்று முதலிலிருந்து ஆரம்பித்தான்.

"இதை யார் செஞ்சது?" என்று அடுத்த பிள்ளையிடம் கேட்டேன். "அப்பா." அதற்கடுத்த பிள்ளை? "அப்பாவும் சித்தப்பாவும்." கடைசி மேசையில் இருந்தவள் உண்மை விளம்பி. "கடையில வாங்கினது அங்கிள். இருநூத்தம்பது ரூபா."

சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்து, இன்றைய மாணவர்கள் மனப்பாடம் செய்வதில்லை, செய்து பார்த்துக் கற்கிறார்கள் என்று பூரித்தார். பாதி உண்மை. செய்து பார்த்துக் கற்கத்தான் செய்கிறார்கள், ஆனால் கற்பவர்கள் அப்பாக்கள். என் நண்பர் ஒருவருக்கு வயது நாற்பத்திரண்டு, தாலுகா அலுவலகத்தில் உதவியாளர். மகளின் கூம்பு மாடலுக்காக இரவு பதினொன்றரை மணிக்கு விரலெல்லாம் பெவிகாலோடு உட்கார்ந்திருந்தவர், கூம்பு செய்ய முழு வட்டம் உதவாது, அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி எறிய வேண்டும் என்று கண்டுபிடித்தார். எவ்வளவு வெட்டுகிறோமோ அவ்வளவு ஒல்லியாகிறது கூம்பு என்பதையும் கண்டுபிடித்தார். படித்த காலத்தில் 'வட்டக்கோணப் பகுதி' என்று நூறு முறை எழுதியவர்தான். அது இதுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆர்க்கிமிடிஸ் மாதிரி எழுந்து கத்தியிருப்பார். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

இனி எங்கள் தெருப் பெண்ணின் கதைக்கு வருகிறேன். ஏழாம் வகுப்பு. அப்பாவுக்கு மளிகைக் கடை. பள்ளி விட்டு வந்தால் காலி அட்டைப்பெட்டிகளைப் பிரித்துத் தட்டையாக்கிக் கட்டுவது அவள் வேலை. சனிக்கிழமை பழைய பேப்பர் கடைக்குப் போகும். ஆகவே பெட்டி என்றால் என்ன, அதன் எந்த ஒட்டைக் கிழித்தால் எந்தப் பக்கம் விரியும் என்பது அவள் கைக்குத் தெரியும். வகுப்பில் கனசதுரப் பாடம் வந்தது. கனசதுரப் பெட்டியைப் பிரித்து விரித்தால் வரும் தட்டை வடிவத்துக்குப் பாடநூலில் வலை என்று பெயர். ஆசிரியை கரும்பலகையில் சிலுவை போல ஒன்றை வரைந்தார். பிறகு சொன்னார்: "இந்த மாதிரி வலைகள் மொத்தம் பதினொன்று இருக்கு. பதினொன்று என்று எழுதிக்கொள்ளுங்கள்."

நாற்பத்தைந்து பேர் எழுதிக்கொண்டார்கள். இவளும் எழுதிக்கொண்டாள். வீட்டுக்கு வந்தவள் சும்மா இருக்கவில்லை. கட்டம் போட்ட நோட்டைக் கிழித்து ஆறாறு கட்டமாக வெட்டி மடித்துப் பார்த்திருக்கிறாள். ஆறு சதுரங்களை விளிம்போடு விளிம்பு ஒட்டி வைக்க மொத்தம் 35 வழிகள் உண்டு. அவற்றில் 11 மட்டுமே மடித்தால் மூடிய பெட்டியாகும். மற்ற 24-இல் சிலவற்றைப் பெட்டியாக மடிக்கவே வராது, மடிக்க வருபவற்றிலும் ஒரு பக்கம் இரட்டையாக விழுந்து இன்னொரு பக்கம் திறந்து கிடக்கும். அவளுக்கு 35 தெரியாது. முதல் நாள் ஏழு கிடைத்தது. இரண்டாம் நாள் பன்னிரண்டு கிடைத்துவிட்டது. டீச்சர் பதினொன்று என்றாரே! ஒரு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டு, கடைசியில் இரண்டு துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்து, மேலிருப்பதைப் புரட்டிப் போட்டாள். கச்சிதமாகப் பொருந்தியது. ஒன்றேதான், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறது.

எந்த இரண்டு வடிவங்களை ஒன்று என்று சொல்லலாம், எதை வேறு என்று சொல்ல வேண்டும் என்ற கேள்வியின் மேல் கணிதத்தில் ஒரு பெரிய மாளிகையே நிற்கிறது. அதன் வாசற்படியில் கால் வைத்துவிட்டாள் இந்தக் குழந்தை, மிளகாய் மூட்டைக்கும் எண்ணெய் டின்னுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு.

காலாண்டுத் தேர்வு வந்தது. 'கனசதுரத்தின் வலை ஒன்றை வரைக. 2 மதிப்பெண்.' அவளுக்குப் பிடித்த வலை, இரண்டிரண்டு சதுரமாகப் படிக்கட்டு போல இறங்கும் ஒன்று. அதை வரைந்தாள். சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில்: 'புத்தகத்தில் உள்ளபடி வரையவும்.' அம்மா விடைத்தாளை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனார். ஆசிரியை கெட்டவர் இல்லை, பொறுமையாகவே சொல்லியிருக்கிறார்: "கீயில சிலுவை மட்டும்தாம்மா கொடுத்திருக்காங்க." பிள்ளை குறுக்கே புகுந்து, "டீச்சர், இதை மடிச்சாலும் பெட்டி வரும் டீச்சர், மடிச்சுக் காட்டட்டா?" என்று கேட்டது. "பரீட்சைப் பேப்பரை மடிக்கக் கூடாதும்மா."

அந்த ஆசிரியையின் மேல் பாய்வதில் எனக்கு விருப்பமில்லை. அவர் தலையில் நாம் ஏற்றி வைத்திருக்கும் கணக்கு வேறு. பத்தாம் வகுப்புக் கணிதத் தாளை எடுத்துப் பாருங்கள். ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. கடைசிப் பகுதியில் ஜியாமெட்ரிக்கு 8, கிராஃபுக்கு 8. ஆக 30. எங்காவது ஓர் ஐந்து தேறினால் 35, பிள்ளை பாஸ். தமிழ்நாட்டின் கணித ஆசிரியர் அனைவருக்கும் தெரிந்த தேற்றம் இது ஒன்றுதான். நிரூபணம் ஆண்டுதோறும் மே மாதம் வெளியாகிறது. 'மெல்லக் கற்போர்' என்று ஒரு நாகரிகமான பெயர் சூட்டி, அந்தப் பிள்ளைகளைத் தனி அறையில் உட்கார வைத்து, மாலை ஆறு மணிவரை வடிவியலை டான்ஸ் ஸ்டெப் மாதிரி சொல்லித் தருகிறோம். கோடு போடு. கோணம் வை. காம்பஸைத் திற. வில்லை வெட்டு. புள்ளிக்குப் பெயர் வை. ஏன் வெட்டினாய் என்று கேட்டுவிடாதே, ஸ்டெப் மறந்துவிடும்.

இதில் 'உதவிப்படம்' என்று ஒன்று உண்டு. கணக்கைப் படித்ததும், அளவு பார்க்காமல், கையால் சும்மா கிறுக்கி, என்ன தந்திருக்கிறார்கள், எது எங்கே வரும் என்று யோசிப்பதற்கான படம். வடிவியல் கேள்வி முழுவதிலும் மூளைக்கு வேலை வைக்கிற இடம் அது ஒன்றுதான். அதற்கும் மதிப்பெண் உண்டு. ஆகவே நம் பிள்ளைகள் முழுப் படத்தையும் ஸ்டெப் ஸ்டெப்பாக வரைந்து முடித்துவிட்டு, கடைசியில் மேலே ஒரு மூலையில், ஸ்கேல் வைத்து, அழகாக உதவிப்படம் வரைகிறார்கள். பிணத்தை எரித்துவிட்டு வந்து ஜாதகம் பார்ப்பது போல.

ஜியாமெட்ரி பாக்ஸ் என்று ஆண்டுதோறும் ஜூன் மாதம் வாங்கித் தருகிறோமே, அதற்குள் இரண்டு முக்கோண மூலைமட்டங்கள் இருக்கும். அவற்றை உங்கள் பிள்ளை எடுத்துப் பார்த்ததுண்டா? பாக்ஸ் தொலையும்வரை காகித உறையோடு அப்படியே கிடக்கும். அந்தப் பெட்டியில் பிள்ளைகள் தாங்களாக ஆராய்ந்து பயன் கண்டுபிடித்த கருவி டிவைடர் ஒன்றுதான். பெஞ்சில் பெயர் செதுக்க உதவுகிறது.

சரி, நம் கணிதம் இவ்வளவு சிறப்பாக இருக்கிறதே, உலகத்துக்குக் காட்டலாம் என்று ஒருமுறை ஆசைப்பட்டோம். பதினைந்து வயதுப் பிள்ளைகள் படித்ததைப் புதிய சூழலில் பயன்படுத்தத் தெரிந்தவர்களா என்று பார்க்கும் பீசா என்ற சர்வதேசத் தேர்வு இருக்கிறது. 2009 சுற்றின் நீட்சியாக இந்தியாவிலிருந்து இரண்டு மாநிலங்கள் போயின. கல்வியில் சிறந்தவை என்று பொறுக்கி எடுக்கப்பட்டவை அவை, தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும். 2011 டிசம்பரில் முடிவு வந்தது. பங்கேற்ற 74 நாடுகள், பகுதிகளில், கணிதத்தில் நமக்குக் கீழே கிர்கிஸ்தான் மட்டும் நின்றது. கிர்கிஸ்தான் மக்களுக்கு நாம் என்றென்றைக்கும் கடமைப்பட்டவர்கள்.

அப்புறம் என்ன செய்தோம்? கேள்விகள் நம் பிள்ளைகளின் சமூக, பண்பாட்டுச் சூழலுக்கு ஒத்துவரவில்லை என்று டெல்லி கண்டுபிடித்தது. 2012-இல் போகவில்லை. 2015-இல் போகவில்லை. 2018-இலும் போகவில்லை. கணக்கில் பெயிலான பையன் "இனி பள்ளிக்கூடம் போக மாட்டேன், வாத்தியாருக்கு என்னைப் பிடிக்காது" என்று சொன்னால் முதுகில் நாலு வைப்போம். அதையே ஒரு நாடு கோப்பில் எழுதி, முத்திரை வைத்துச் சொன்னால் அதற்குப் பெயர் கொள்கை முடிவு.

பண்பாட்டுச் சூழல் என்றார்களே, அந்தச் சூழலைக் கொஞ்சம் பார்க்கலாம்.

1893-இல் சென்னையில் ஒரு ஆங்கிலப் புத்தகம் வெளிவந்தது. காகிதத்தை மடித்தே வடிவியல் கற்பது எப்படி என்பது பொருள். எழுதியவர் டி. சுந்தர ராவ். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் படித்தவர். பின்னாளில் ராமானுஜன் கணக்கைத் தவிர மற்றதில் தேறவில்லை என்று உதவித்தொகையை நிறுத்திய அதே கல்லூரி. சுந்தர ராவ் வருவாய்த் துறையில் வேலை பார்த்து டெபுடி கலெக்டராக ஓய்வு பெற்றவர். மழலையர் பள்ளிக் குழந்தைகளுக்கென்று வந்த விளையாட்டுப் பொருள், இருநூறு வண்ணக் காகிதச் சதுரங்கள், அவர் கண்ணில் பட்டது. அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஸ்கேல் இல்லை, காம்பஸ் இல்லை. ஒரு சதுரத் தாளை மடித்து மடித்துச் சமபக்க முக்கோணம் எடுத்தார், ஐங்கோணம் எடுத்தார், கடைசியில் பரவளையத்தையும் நீள்வட்டத்தையும் மடிப்புகளாலேயே புள்ளி புள்ளியாகக் கொண்டுவந்தார். ஜெர்மனியின் பெரும் கணிதர் ஃபெலிக்ஸ் கிளைன் தன் நூலில் அதைக் குறிப்பிட்டார். அந்த வழியாக அமெரிக்கா அறிந்து, 1901-இல் சிகாகோவில் மறுபதிப்பு போட்டது. இன்றும் அச்சில் இருக்கிறது.

பட்டா, சிட்டா, ஜமாபந்திக்கு நடுவில் ஒரு வருவாய்த் துறை அதிகாரி காகிதம் மடித்திருக்கிறார். இன்றைய வருவாய்த் துறையிலும் காகிதம் மடிக்கும் பழக்கம் தொடர்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. உள்ளே ஏதாவது வைத்து மடித்தால்தான் அது நகரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தப் புத்தகம் நம் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் எத்தனையில் கையில் எடுக்கப்படுகிறது என்று கேட்டுப் பாருங்கள். நான் சில ஆசிரிய நண்பர்களிடம் கேட்டேன். ஒருவர், "அது ஜப்பான்காரன் ஓரிகாமி இல்லையா?" என்றார். இன்னொருவர் கவலையோடு, "சிலபஸ்ல இருக்கா?" என்றார்.

அடுத்து, கோலம். பண்பாடு என்றதும் மேடையில் முதலில் இழுத்து நிறுத்தப்படுவது அதுதான். மார்கழியில் ஸ்பான்சர் பிடித்துப் போட்டி வைத்து, மிக்ஸி பரிசு கொடுத்து அனுப்பிவிடுவோம். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, இவர்களோடு கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-இலேயே கோலத்தின் இலக்கணத்தைக் கணினி அறிவியலின் மொழியில் எழுதி ஆய்விதழில் வெளியிட்டார்கள். வாசலில் புள்ளி வைக்கிற பெண் தன்னையறியாமல் ஒரு விதித்தொகுப்பை இயக்குகிறாள் என்பதை உலகம் அப்படித்தான் படித்தது. நம் கணிதப் பாட ஆசிரியர் இன்னும் படித்தபாடில்லை.

ஒரு சின்னச் சோதனை. புள்ளிகளை நேர்வரிசையாக, செவ்வகமாக வையுங்கள். 3-க்கு 2 என்று தொடங்கலாம். சிக்குக் கோலம்தான், ஆனால் அலங்காரம் எதுவும் வேண்டாம். பக்கத்துப் பக்கத்துப் புள்ளி இரண்டுக்கும் நடுவில் எல்லா இடத்திலும் கம்பிகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிப் போக வேண்டும். ஓரத்துக்கு வந்தால், கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கர் விளிம்பில் பட்டுத் திரும்புவது போலத் திரும்ப வேண்டும். 3-க்கு 2 போட்டால் கை எடுக்காமல் ஒரே கம்பியில் முடிந்து தொடங்கிய இடத்துக்கு வரும். 4-க்கு 4 போட்டால் வராது, நான்கு தனிக் கம்பிகள் வேண்டும். 5-க்கு 3, மறுபடி ஒரே கம்பி. 6-க்கு 4, இரண்டு. ஏதோ தட்டுப்படுகிறதா? இரண்டு எண்களின் மீ.பொ.கா. எவ்வளவோ அத்தனை கம்பிகள். ஆறாம் வகுப்பில் வகுத்தல் ஏணி போட்டு, எதற்கென்றே தெரியாமல் நாம் கண்டுபிடித்த அதே மீ.பொ.கா., வாசலில் மாவாக விழுந்து கிடக்கிறது.

இதோ, நானும் அந்த டீச்சர் வேலையைத்தான் செய்துவிட்டேன், விடையைச் சொல்லித் தொலைத்தேன். போகட்டும், ஏன் அப்படி வருகிறது என்பதையாவது உங்களுக்கு விட்டுவைக்கிறேன்.

என் பாட்டி ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். காரணம், கணக்கு வரவில்லை. பதினைந்து புள்ளிக் கோலத்தை முதல் நாள் பார்த்துவிட்டு வந்து, மறுநாள் காலையில் அதைப் பாதியாக்கி, திருப்பி, மூலைக்கு ஒன்றாக நான்கு முறை இழைத்துப் போடுவாள். மனதுக்குள் வடிவத்தைச் சுழற்றுவது என்று உளவியலாளர்கள் ஆய்வகம் வைத்து அளக்கிற இடஞ்சார் திறன் அது. ஒயர் கூடை போடும் அக்காவைக் கேளுங்கள். அடி இத்தனைக்கு இத்தனை, உயரம் இவ்வளவு என்றதும், எத்தனை ஒயர், ஒவ்வொன்றும் எத்தனை முழம் என்று வெட்டி வைத்துவிட்டுத்தான் முதல் முடிச்சே போடுவார். கொத்தனார் மூன்றடி, நாலடி, ஐந்தடி கயிறு பிடித்து மூலை பார்க்கிறார். ஜாக்கெட் தைப்பவர் தட்டைத் துணியை வெட்டி உருண்ட தோளில் உட்கார வைக்கிறார். இவர்களெல்லாம் பள்ளியில் கணக்கில் பெயில். பாஸானவர்கள் நாம், நமக்கு புது பீரோ மாடிப்படி திருப்பத்தில் ஏறுமா என்று தெரியாது. பீரோ வந்து, சிக்கி, கைப்பிடிச் சுவரை உடைத்த பிறகு தெரியும்.

இதன் கூலியை யார் கொடுக்கிறார்கள்? பதினேழு வயதுப் பிள்ளை கொடுக்கிறது. கணிதத்தில் நூற்றுக்கு நூறு எடுத்து, ஊர் முழுக்க ஃப்ளெக்ஸ் வைத்து, பொறியியல் கல்லூரிக்குள் போகிறான். முதல் ஆண்டில் இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் என்று ஒரு தாள். ஒரு பொருளின் முன்பக்கமும் மேல்பக்கமும் கொடுத்திருக்கும், பக்கவாட்டில் எப்படி இருக்கும் வரை என்பார்கள். பன்னிரண்டு ஆண்டுக் கல்வியில் எந்தப் பொருளையும் திருப்பிப் பார்க்க அனுமதி கிடைக்காத பிள்ளையிடம், முதல்முறையாக, அதன் முதுகு எப்படி இருக்கும் என்று கேட்கிறார்கள். அரியர். அடுத்த செமஸ்டரிலும் அரியர். பிள்ளை தனக்கு மூளை இல்லை என்று முடிவு செய்கிறது. சிலர் அதோடு படிப்பை விடுகிறார்கள். சிலர் அதற்கு மேலும் எதையாவது செய்துகொள்கிறார்கள். பிறவிக் குறை ஒன்றும் இல்லை. அமெரிக்காவின் மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஷெரில் சோர்பி 1993 முதலே இப்படித் தடுமாறும் மாணவர்களுக்குத் தனி வகுப்பு நடத்திப் பார்த்தார்: கட்டைகளை அடுக்கு, வரை, மனதில் சுழற்று, மறுபடி அடுக்கு. பிள்ளைகள் தேறினார்கள், பெண்கள் படிப்பை விட்டுப் போவது குறைந்தது. 2013-இல் டேவிட் அட்டல் குழுவினர் 217 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தும் அதையே சொன்னார்கள்: பயிற்சியால் வளர்கிற திறன் இது. கட்டை என்ன விலை? மரக்கடையில் தூக்கிப் போடுகிற துண்டுகள் போதும். நாம் அதைக்கூட ஒரு பிள்ளையின் கையில் கொடுக்காமல் பன்னிரண்டு வருடம் உட்கார வைத்துவிட்டு, கடைசியில் "உனக்கு வரைபடம் வராது" என்று சான்றிதழும் கொடுக்கிறோம். இதைச் செய்கிறவர்களுக்கு என்ன பெயர் என்று பத்திரிகையில் எழுத முடியாது.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். கணித உபகரணப் பெட்டி வந்தது. பல பள்ளிகளில் அது தலைமை ஆசிரியர் அறை பீரோவுக்குள் புது மெருகோடு இருக்கிறது. வெளியே எடுத்தால் ஒரு முக்கோணம் தொலையும், தொலைந்தால் இருப்புப் பதிவேட்டில் இடிக்கும், இடித்தால் ஆடிட். ஒரு டான்கிராம் துண்டுக்காக யார் மெமோ வாங்குவது? ஆய்வுக்கு அதிகாரி வரும் நாளில் பெட்டி வெளியே வரும். பிள்ளைக்கு ஒரு துண்டு. "போட்டோ எடுத்தாச்சா? எண்ணி உள்ள வை." செயல்வழிக் கற்றல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003 வாக்கில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவியபோது நல்ல காற்று ஒன்று அடித்தது, பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து அட்டைகளோடு மல்லுக்கட்டினார்கள், நானே பார்த்திருக்கிறேன். அதற்கும் ஏணிப்படி போட்டு, எந்த அட்டைக்குப் பின் எந்த அட்டை என்று வரிசை கட்டி, பதிவேடு வைத்தோம். இப்போது ஆசிரியரின் கைபேசிக்குள் எல்லாம் போய்விட்டது. பிள்ளை கண்டுபிடித்ததோ இல்லையோ, கண்டுபிடித்ததாக மாலை நாலு மணிக்குள் பதிவேற்றியாக வேண்டும். நெட்வொர்க் கிடைக்காத மலையூர் ஆசிரியர் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாறை மேல் ஏறி நிற்கிறார். தமிழகக் கல்வித்துறையில் இன்று நடக்கும் ஒரே இடஞ்சார் ஆய்வு அது.

2005 தேசியக் கலைத்திட்டத்துக்காகக் கணிதம் கற்பித்தல் பற்றி ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை வகித்தவர் நம் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். ராமானுஜம். குழந்தையின் சிந்தனை கணிதமயமாவதே குறிக்கோள், சூத்திரங்களைச் சேர்த்து வைப்பது குறிக்கோள் இல்லை என்று அந்த அறிக்கை தெளிவாகச் சொன்னது. அந்த அறிக்கையும் பீரோவில் பத்திரமாக இருக்கிறது, உபகரணப் பெட்டிக்கு மேல் தட்டில்.

பள்ளியில் கிடைக்காததைச் சந்தையில் வாங்கலாம் என்று பெற்றோர் கிளம்பியதுதான் இதில் உச்சம். ரூபிக்ஸ் கியூப் வகுப்பு என்று எங்கள் தெருமுனையில் பலகை தொங்குகிறது, 'பத்தே நாளில்'. எர்னோ ரூபிக் புடாபெஸ்டில் கட்டடக்கலை வடிவமைப்பு சொல்லிக்கொடுத்தவர். 1974-இல் அந்தக் கனசதுரத்தைச் செய்து, கலைத்துவிட்டு, திரும்பச் சேர்க்க வழி தெரியாமல் ஏறக்குறைய ஒரு மாதம் மல்லாடினார். அந்த ஒரு மாதம்தான் அந்தப் பொம்மையின் முழு மதிப்பும். நம் பிள்ளைக்கு அந்த ஒரு மாதத்தை மிச்சப்படுத்தித் தருகிறார்கள், கட்டணம் வாங்கிக்கொண்டு. ஆர், யூ, ஆர் தலைகீழ், யூ தலைகீழ் என்று பிள்ளை மந்திரம் சொல்லித் திருகுகிறது, நிமிடத்தில் சேர்ந்துவிடுகிறது, மாமா வந்தால் காட்டுகிறது. சேர்ந்தது ஏன் என்று அதற்கும் தெரியாது, மாமாவுக்கும் தெரியாது. இன்னும் கொஞ்ச காலம் முன்னால் மிட்பிரெயின் ஆக்டிவேஷன் என்று ஒன்று வந்து, பிள்ளைகளின் கண்ணைக் கட்டி நிறம் சொல்ல வைத்தார்கள். மூக்கோரத்து இடைவெளி வழியாகப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆயிரக்கணக்கில் பணம் கட்டிய பெற்றோர் கை தட்டினார்கள். அந்தக் கூடத்தில் கண் கட்டாமல் உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் எதுவும் தெரியவில்லை.

எங்கள் தெருப் பெண்ணைப் பற்றிச் சொல்ல ஒரு சேதி பாக்கி. அரையாண்டுத் தேர்வில் அதே கேள்வி வந்திருந்தது. இந்த முறை அவள் சிலுவை வரைந்தாள். இரண்டுக்கு இரண்டு.